கழுத்து லிகமென்ட் எலும்பாகிவிட்டது என்கிறது ரிப்போர்ட். இனி என்ன?

கேட்டவரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 46 வயது ஆண். 19 வருடமாக ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பில் அழற்சி வந்து, மெல்ல அதை இறுக்கிவிடும் நோய்), அதோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 என்ற மரபணு பாசிட்டிவ், நான்கு வருடமாக அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி. கழுத்து முன்னே வளைந்திருக்கிறது, பாதிதான் திரும்புகிறது, ஆனால் வலி முன்னைவிடக் குறைவு. வேறு ஏதோ காரணத்துக்கு எடுத்த சிடி ஸ்கேனில் "சி3 முதல் சி6 வரை பின்புற நீள லிகமென்ட் எலும்பாகியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள் (சி3 என்றால் மூன்றாவது கழுத்தெலும்பு). முதுகு நோய்தான் கழுத்துக்கு ஏறிவிட்டதா, ஊசி இதைக் கரைக்குமா, ஆபரேஷன் செய்யாவிட்டால் கைகால் விழுந்துவிடுமா என்று கேட்கிறார்.

இந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். ரிப்போர்ட்டில் எல்லோர் கண்ணும் போய் நிற்பது "எலும்பாகியிருக்கிறது" என்ற சொல்லில். நான் படத்தில் தேடுவது அதற்குப் பின்னால் தண்டுவடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்பதை. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்த மில்லிமீட்டரைச் சுற்றியே வரும்.

கழுத்தின் பின்பக்கம் விரலால் தடவினால் முட்டுமுட்டாகத் தட்டுப்படுவது முள்ளெலும்பின் வால் முனை. தண்டுவடம் அதற்கும் உள்ளே, எலும்பு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் உண்டாகும் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. அந்தக் குழாயின் முன்சுவரில், முள்ளெலும்பு உடல்களின் பின்பக்கத்தில் ஒட்டியபடி, இரண்டாவது கழுத்தெலும்பிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை ஒரு நார்ப்பட்டை இறங்குகிறது. அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் லிகமென்ட். இதேபோல எலும்புகளின் முன்பக்கத்திலும் ஒரு பட்டை உண்டு. அது எலும்பாகித் தடித்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, மிஞ்சிப்போனால் விழுங்கும்போது கொஞ்சம் தடங்கும். பின்பட்டை அதே அளவு தடித்தால் எதிரில் இருப்பது தண்டுவடம்.

நடுக்கழுத்தில் இந்தக் குழாய் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர். தண்டுவடம் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் தண்டுவட நீர், உறை, கொஞ்சம் கொழுப்பு. ஆகவே உடம்பு நமக்குச் சேமிப்பாக நிறைய இடம் விட்டு வைத்திருக்கிறது. லிகமென்ட் தடிக்கும்போது அந்தச் சேமிப்பிலிருந்து வருடத்துக்குக் கொஞ்சமாகக் கரைகிறது. பிறவியிலேயே குழாய் குறுகலாக, 13 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பவருக்குச் சேமிப்பு சீக்கிரம் தீரும். ஒரே அளவு எலும்பு வளர்ந்த இரண்டு பேரில் ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் கைத்தடி பிடிக்கிறார் என்றால் காரணத்தை முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

இதைப் பலர் "கால்சியம் படிந்திருக்கிறது" என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதால் ஒரு வம்பு வருகிறது: ஆட்கள் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இது குழாயில் உப்பு படிவது மாதிரி அல்ல. நார் முதலில் குருத்தெலும்பாகி, பிறகு நிஜ எலும்பாகவே மாறுகிறது. உள்ளே மஜ்ஜைகூட இருக்கும். சாப்பிடும் கால்சியத்தைக் குறைத்து இதைத் தடுக்க முடியாது. தவிர, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் ஒரு விசித்திரமான நோய். எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் முளைக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில், அதாவது முள்ளெலும்பின் உள்ளே, மெலிந்துபோகிறது. வெளியே மூங்கில், உள்ளே சல்லடை. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா சோதனையை முதுகில் எடுத்தால் வெளியே வளர்ந்த எலும்பையும் சேர்த்து எண்ணிக்கொண்டு "நார்மல்" என்று சொல்லிவிடும். இடுப்பு மூட்டில் எடுத்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, இது உங்கள் பழைய நோயின் வேலையா? பெரும்பாலும் ஆம், ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. உங்கள் நோய் பிடிக்கும் இடம், நார் எலும்போடு ஒட்டும் முனை. அங்கே அழற்சி வரும், அது அடங்கும்போது உடம்பு எலும்பைப் போட்டு மெழுகிவிடும். டிஸ்க்கின் வெளி இழைகளில் இது நடந்தால் மெல்லிய செங்குத்துப் பாலங்கள் உண்டாகி, முதுகெலும்பு மூங்கில்போலத் தெரியும். பின்புற லிகமென்டும் ஒவ்வொரு முள்ளெலும்பின் விளிம்பிலும் டிஸ்க்கிலும் ஒட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. நோய் அதை மட்டும் விட்டுவைக்கக் காரணமில்லை. நீண்ட நாள் நோய் இருந்து, முதுகு ஏற்கெனவே நிறைய இறுகிப்போனவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம்.

ஆனால் இந்த எலும்பாதலுக்குத் தனியாகவும் ஒரு சரித்திரம் உண்டு. ஓபிஎல்எல் என்று சுருக்கிச் சொல்வார்கள். 1838-இல் லண்டனில் கீ என்ற அறுவை மருத்துவர் முதலில் விவரித்தார். 1960-இல் ஜப்பானில் சுகிமோட்டோ பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. அப்புறம் ஜப்பானிலிருந்தே கட்டுரைகள் குவிந்ததால் "ஜப்பான் நோய்" என்றுகூடப் பெயர் வைத்தார்கள். அங்கே பெரியவர்களில் 2 முதல் 4 சதவீதம் பேர் வரை இருப்பதாகக் கணக்கு, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதைவிடக் குறைவு. சர்க்கரை நோய், உடல் பருமன் இரண்டோடும் இதற்குத் தொடர்பு உண்டு. பாராதைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் வரலாம். டிஷ் என்ற இன்னொரு நோயிலும் வரும். டிஷ் வயதானவர்களுக்கு வருவது. அதில் எலும்பு முன்பட்டையில் மெழுகு வழிந்த மாதிரி தடிமனாக ஓடும், அழற்சி இருக்காது, இடுப்புக்குப் பின்னால் இருக்கும் சேக்ரோஇலியாக் மூட்டு உங்களுக்கு ஒட்டிப்போன மாதிரி ஒட்டியிருக்காது. உங்களுக்கு 27 வயதிலேயே நோய் தொடங்கியதால் குழப்பமில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முகப்பருவுக்கோ வேறு தோல் நோய்க்கோ ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த) வகை மாத்திரை நீண்ட காலம் சாப்பிட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகள் லிகமென்டை எலும்பாக்கும் என்பது தெரிந்த விஷயம்.

இனி படத்துக்கு வருவோம். இந்த நோயில் எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் ஆளுக்கொரு விதமாக ஏமாற்றும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில், முள்ளெலும்புகளுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தால் அதிர்ஷ்டம். தோள் குறுக்கே வந்து சி6, சி7-ஐ மறைத்துவிடும். உங்களைப்போலக் கழுத்து முன்னே வளைந்தவருக்கு இன்னும் மோசம். எம்ஆர்ஐ தண்டுவடத்தை அழகாகக் காட்டும், ஆனால் எலும்பான லிகமென்ட் அதில் கறுப்பு, தடித்த லிகமென்டும் கறுப்பு, டிஸ்க்கின் விளிம்பும் கறுப்பு. ஒருமுறை எம்ஆர்ஐயை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதினேன். அடுத்த வாரம் அதே மனிதரின் சிடி வந்தது. பிதுக்கம் என்று நான் எழுதிய மூன்று இடத்தையும் இணைத்தபடி ஒரே வெள்ளைப் பட்டை நின்றது. குறுக்குவெட்டில் பார்த்தால் காளான் மாதிரி, காம்பு எலும்பில் ஒட்டியிருக்க, குடை தண்டுவடத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சீட்டில் இருந்தால் சிடி இல்லாமல் கழுத்தைப் பற்றி உறுதியாக எதுவும் எழுதுவதில்லை. எலும்புக்கு சிடி, தண்டுவடத்துக்கு எம்ஆர்ஐ. இரண்டும் வேண்டும். உங்களிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவதையும் எடுத்துவிடுங்கள்.

அந்த மில்லிமீட்டர் கணக்குக்கு ஜப்பானில் மட்சுனாகா குழுவினர் நூற்றுக்கணக்கான ஓபிஎல்எல் நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்துச் சொன்னதுதான் இன்றும் கைகொடுக்கிறது. தண்டுவடத்துக்கு மிஞ்சிய இடம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனவர்கள் எல்லோருக்கும் தண்டுவடப் பாதிப்பு இருந்தது. 14-ம் அதற்கு மேலும் இருந்தவர்களிடம் இல்லை. நடுவில் இருந்தவர்களின் தலைவிதியைத் தீர்மானித்தது கழுத்து எவ்வளவு அசைகிறது என்பது. எலும்பு முட்டிக்கொண்டிருக்கும்போது கழுத்து முன்னும் பின்னும் ஆடினால், ஒவ்வொரு ஆட்டத்திலும் தண்டுவடம் அதன்மேல் தேய்கிறது. அதே குழு சொன்ன இன்னொரு எண் உங்களுக்குத் தூக்கம் தரக்கூடியது: தொடக்கத்தில் பாதிப்பு எதுவும் இல்லாதவர்களில் 30 வருடம் கழித்தும் 71 சதவீதம் பேர் பாதிப்பில்லாமல் இருப்பார்கள் என்று கணக்கு வந்தது. அது எல்லா ஓபிஎல்எல் நோயாளிகளையும் சேர்த்த கணக்கு. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே சக்கர நாற்காலியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம் என்பதற்கு இது போதும்.

உங்கள் விஷயத்தில் இந்த அசைவுக் கணக்கு ஒரு திருப்பம் எடுக்கிறது. கழுத்து முழுக்க இறுகி ஒரே கட்டையாகிவிட்டால் தேய்மானம் நின்றுவிடும். நெருக்கம் இருந்தாலும் தண்டுவடம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பாதி இறுகிய கழுத்துதான் எனக்குக் கவலை. மேலே இரண்டு எலும்பு ஒட்டியிருக்கிறது, கீழே மூன்று ஒட்டியிருக்கிறது, நடுவில் ஒரே ஒரு இணைப்பு மட்டும் இன்னும் அசைகிறது என்று வையுங்கள். தலையின் மொத்த ஆட்டமும் அந்த ஒரு இடத்தில் இறங்கும். உங்கள் கழுத்து பாதி திரும்புகிறது என்றால் அந்தப் பாதி எந்த எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தளர்வு இருக்கிறதா என்பதும் இதில் அடக்கம். இந்த நோயில் அங்கே லிகமென்ட் நைந்து எலும்பு நழுவுவது உண்டு.

அடுத்து, வலி. 19 வருடமாக உங்கள் நோயை வலியால்தான் அளந்திருக்கிறீர்கள். காலை இறுக்கம் எத்தனை நேரம், ராத்திரி எத்தனை முறை விழிப்பு என்று. அந்த அளவுகோல் இங்கே உதவாது. தண்டுவடம் நசுங்கினால் பெரும்பாலும் வலிக்காது. கைகள் மெல்ல மக்காகும், அதாவது நுணுக்கமான வேலையில் தடுமாறும், கால்கள் மெல்லக் கனக்கும். அவ்வளவு மெதுவாக நடப்பதால் ஆள் தன்னை அறியாமலே தன்னை மாற்றிக்கொண்டுவிடுவார். ஒருவர் ஸ்கேனுக்கு வந்தபோது சட்டையைக் கழற்றச் சொன்னேன். பொத்தானே போடாமல் தலைவழியாக மாட்டும் பனியன் சட்டை. கயிறு இல்லாத செருப்பு. எப்போதிலிருந்து இப்படி என்றால், "வசதியாக இருக்கிறது" என்றார். கூட வந்த மனைவி, "ரெண்டு வருஷமா பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன், கடைசியில் சட்டையையே மாத்திட்டார்" என்றார். நோயாளி சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது.

ஆகவே வீட்டில் நீங்களே பார்க்க வேண்டியவை இப்படிப்பட்டவை: பொத்தான், சாவி, மேசையில் கிடக்கும் நாணயத்தைக் கிள்ளி எடுப்பது, கையெழுத்து மாறியிருக்கிறதா, போனில் எழுத்து தப்புகிறதா. படி ஏறுவதைவிட இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறீர்களா. கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா. சிறுநீர் வந்தால் அடக்க முடியாத அவசரம், அல்லது தொடங்கவே தாமதம். கழுத்தைக் குனிக்கும்போது முதுகில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. இன்னொரு எளிய சோதனை: விரல்களை முழுக்க விரித்து, முழுக்க மூடி, 10 வினாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். 20 வரவேண்டும். தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும், தினமும் எண்ணிப் பயப்பட வேண்டாம்.

இந்த அறிகுறிகளை உங்கள் பழைய நோயே மறைத்துவிடும் என்பதுதான் சங்கடம். நடை சரியில்லை என்றால் "இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கும்" என்பார்கள். கை மரத்தால் மணிக்கட்டு நரம்பு என்று அங்கே ஊசி போடுவார்கள். மணிக்கட்டு நரம்புப் பிரச்சினை ராத்திரியில் கட்டைவிரல் பக்கம் மரத்து எழுப்பும், கையை உதறினால் சரியாகும். அது காலைத் தொடாது. இரண்டு கையும் மக்காகி, காலும் கனத்தால் கழுத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் வரும் மாற்றத்துக்குச் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். சில நாட்களில் கைகால் பலம் குறைந்தாலோ சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு.

ஊசி கரைக்குமா? கரைக்காது. உருவான எலும்பைக் கரைக்கும் மருந்து இன்று எதுவும் இல்லை. டிஎன்எஃப், ஐஎல்-17 இரண்டும் உடம்பில் அழற்சியைத் தூண்டும் புரதங்கள். அடாலிமுமாப் போன்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளும், செகுகினுமாப் மாதிரியான ஐஎல்-17 தடுப்பு மருந்துகளும் அழற்சியை அடக்குகின்றன. பல வருடம் தொடர்ந்து போட்டவர்களிடம் முதுகில் புது எலும்பு முளைப்பது மெதுவாவதாகத் தெரிகிறது. அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்து "ஊசி வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் அதை விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த நோயில் புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு வேகமாக முளைக்கிறது.

ஆபரேஷன் படத்துக்குச் செய்வதல்ல, ஆளுக்குச் செய்வது. கை, கால், சிறுநீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 18 மதிப்பெண் போடும் ஒரு அளவை உண்டு. 15-க்குக் கீழே போனாலோ, தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தாலோ ஆபரேஷன் பேச்சு உறுதியாகிவிடும். 15-க்கும் 17-க்கும் நடுவில் நின்றால் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். அறிகுறியே இல்லாதவரை வழக்கமாகக் கண்காணிப்பில் வைப்பார்கள். ஆபரேஷனில் இரண்டு வழி. பின்பக்கம் எலும்பு வளையத்தைத் திறந்து தண்டுவடம் பின்னால் நகர இடம் கொடுப்பது ஒன்று. முன்பக்கமாகப் போய் எலும்பான லிகமென்டையே எடுப்பது அல்லது தளர்த்துவது இன்னொன்று. பின்வழி பாதுகாப்பானது, ஆனால் கழுத்து முன்னே வளைந்தவருக்குத் தண்டுவடம் பின்னால் நகராது. வில்லில் கட்டிய நாண் மாதிரி எலும்பின் மேலேயே கிடக்கும். இரண்டாவது எலும்பு மட்டத்திலும் ஏழாவது எலும்பு மட்டத்திலும் குழாயின் நடுப்புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்து, எலும்பாதல் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். கே-கோடு என்று பெயர். தாண்டினால் பின்வழி மட்டும் போதாது. முன்வழியில் உள்ள ஆபத்து, தண்டுவட உறையும் லிகமென்டோடு சேர்ந்து எலும்பாகியிருக்கலாம். எடுக்கும்போது உறை கிழிந்து நீர் கசியும். எந்த வழியாக இருந்தாலும் தோளைத் தூக்கும் சக்தி சில மாதம் குறைவது ஒரு சிலருக்கு நடக்கும். இழந்ததில் ஓரளவுதான் திரும்பும் என்பதால், நன்றாக நடக்கும்போதே ஆபரேஷன் செய்துகொள்பவர்கள்தான் பிறகும் நன்றாக நடக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் கழுத்து நோயை முன்கூட்டியே சொல்லுங்கள், பல் பிடுங்குவதாக இருந்தாலும் சரி. கழுத்தைப் பின்னால் வளைத்துக் குழாய் போடும் வழக்கமான முறை உங்களுக்கு ஒத்துவராது. விழித்திருக்கும்போதே வளையும் கேமரா குழாயால் போட வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உங்களுக்கு உடனடி ஆபத்து: விழுவது. இறுகிய கழுத்து தொடை எலும்பு மாதிரி குறுக்கே ஒடியும். பெரிய விபத்து வேண்டாம், நாற்காலியிலிருந்து சரிந்தால் போதும். பெரும்பாலும் சி5 முதல் சி7 வரையான பகுதியில் ஒடியும். லிகமென்ட் ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருப்பதால் ஒரு சின்ன நழுவலைத் தாங்கக்கூட அங்கே மிச்சம் இருக்காது. எக்ஸ்ரே நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பி, இரண்டு நாள் கழித்துக் கைகால் விழுந்து திரும்பி வந்தவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். விழுந்த பிறகு கழுத்தில் புது வலி என்றால், எலும்பு முறியவில்லை என்று சிடி சொல்லும்வரை முறிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள், சிலருக்கு இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கும். விழுந்த மறுநாள் "கழுத்து லேசாகிவிட்டது, இப்போது மேலே பார்க்க முடிகிறது" என்று ஒருவர் சந்தோஷப்பட்டால் அதைவிட மோசமான செய்தி கிடையாது. இறுகிய இடம் விட்டுப்போனதால்தான் அந்த அசைவு வருகிறது.

அதனால் குளியலறையில் கைப்பிடி, ராத்திரி வெளிச்சம், காரில் தலைக்குப் பின்னால் ஒட்டியபடி தலைதாங்கி. கழுத்தைச் சொடக்கு எடுப்பது, முறுக்குவது, எடை கட்டி இழுப்பது, யார் செய்வதாகச் சொன்னாலும் வேண்டாம். உங்கள் வழக்கமான நடை, மூச்சுப் பயிற்சி, முதுகை நிமிர்த்தும் பயிற்சி எல்லாம் தொடரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்புப் பரிசோதனை தெரிந்த ஒருவர் சுத்தியலோடு உங்களைப் பார்க்கட்டும். ஏதாவது மாறினால் எம்ஆர்ஐ. மாறாமல் இருந்தால் வருடாவருடம் சிடி எடுத்துக் கதிர்வீச்சு வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

கடைசியாக, பர்ஸில் ஒரு அட்டை வையுங்கள். விழுந்தவரை மல்லாத்திப் படுக்கவைத்துத் தலையைத் தட்டையாக்கிக் கழுத்துப் பட்டை மாட்டுவதுதான் எங்கும் வழக்கம். முன்னே வளைந்து இறுகிய கழுத்தை அப்படித் தட்டையாக்கினால் முறிந்த இடம் வாயைத் திறக்கும். அட்டையில் நான் எழுதச் சொல்வது இது: "எனக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். கழுத்து பல வருடமாக முன்னே வளைந்து இறுகியிருக்கிறது. நிமிர்த்த வேண்டாம். தலைக்குக் கீழே தலையணை வைத்து, இருந்த வளைவிலேயே வைத்திருக்கவும். எக்ஸ்ரே போதாது, சிடி எடுக்கவும்."